கைராசிக் கணக்கு

"ஷட்டரை இறக்காதீங்க சார்! இறக்காதீங்கன்னு சொல்றேன்ல!"

பாதி இறங்கிய ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கைப்பை வந்து விழுந்தது. அதன் பின்னால் ஒரு மடக்குக் குடை. அதற்கும் பின்னால், சேற்றில் ஊறிய செருப்போடு ஒரு கால்.

ஆடிட்டர் காதர் மைதீன் பதறிப்போய் ஷட்டரை மேலே தள்ளினார்.

"டீச்சர்! கால் போயிருக்குமே!"

"போனா போவட்டும். இன்னைக்குத் தேதி முப்பத்தொண்ணு."

விஜயலட்சுமி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். நன்னிலத்துப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. நாற்பத்தேழு வயது. வரும் ஜூனில் தலைமை ஆசிரியை ஆகப் போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் நான்காவது. ஒன்பது வருடமாக அவளுடைய வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்வது காதர் மைதீன்தான். அவரிடம் வரும் வாத்தியார்களில், ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி நூல் போட்டுக் கட்டிக் கொண்டுவரும் ஒரே ஆள் அவள். இன்று அந்தக் கட்டு இல்லை. போன் மட்டும் இருந்தது.

"உங்க ரிட்டர்னை ஜூலையிலயே போட்டாச்சே டீச்சர். ரீஃபண்டும் வந்தாச்சு. நான் பேராவூரணிக்குக் கிளம்பிட்டிருக்கேன். என் தம்பி பொண்ணு ஜஸீலாவுக்கு அஞ்சு மணிக்கு நிக்காஹ். மணி இப்பவே ஒண்ணே கால்..."

"இதைப் படிங்க."

நின்றபடியே படித்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார்.

வரித்துறையிலிருந்து வந்த குறுஞ்செய்தி. உங்கள் பெயரில் வெளிநாட்டில் நிதிக் கணக்கு இருப்பதாகத் தகவல் கிடைத்துள்ளது. நீங்கள் தாக்கல் செய்த கணக்கில் அது காட்டப்படவில்லை. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் திருத்திக்கொள்ளவும். செய்தி வந்த நாள், நவம்பர் இருபத்தெட்டு.

"ஒரு மாசமா என்ன பண்ணீங்க?"

"பேப்பர் அனுப்பறேன், அனுப்பறேன்னு தம்பி இழுத்துட்டே இருந்தான்."

காதர் மைதீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வருஷா வருஷம் நான் ஒரு கேள்வி கேப்பேன். வெளிநாட்டுல சொத்துசுகம் ஏதாச்சும் இருக்கா டீச்சர்னு. நீங்க என்ன சொல்வீங்க?"

"தம்பிதான் இருக்கான்னு சொல்வேன்."

"நானும் சிரிச்சுக்கிட்டே 'இல்லை'ங்கற கட்டத்துல டிக் பண்ணுவேன். நல்லா சிரிச்சோம் ரெண்டு பேரும். சொல்லுங்க, என்ன கணக்கு அது?"

தம்பி ராஜ்குமாருக்குச் சிங்கப்பூரில் வேலை. எண்ணெயும் எரிவாயுவும் வாங்கி விற்கும் ஒரு பெரிய கம்பெனி. அங்கே வேலை பார்ப்பவர்கள் சொந்தப் பணத்தை அதே சந்தையில் போடக் கூடாது என்பது கம்பெனியின் கட்டளை. அதனால் அவன் அக்கா பெயரில் ஒரு கணக்கு திறந்து, அதில் எரிவாயு பேரம் செய்திருக்கிறான்.

"எரிவாயுன்னா, சிலிண்டரா?" என்று வேண்டுமென்றே கேட்டார் காதர் மைதீன். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கத்தான்.

"கண்ணால பாக்கற கேஸ் இல்ல சார். உங்க பேராவூரணியில தென்னந்தோப்பைக் குரும்பையிலயே விலை பேசி முன்பணம் குடுத்துடுவாங்கல்ல? அந்த மாதிரி. அடுத்த வருஷத்து கேஸுக்கு இன்னைக்கு விலை. என்ன, இங்க தோப்பும் கிடையாது, தேங்காயும் கிடையாது. விலை மட்டுந்தான்."

"நல்லாத்தான் பாடம் எடுக்கறீங்க. அது ஏன் உங்க பேர்ல? அவன் பொண்டாட்டி பேர்ல போட வேண்டியதுதானே?"

"பிரதீபா பேர்ல போட்டா கம்பெனி கண்டுபிடிச்சிடும். அது போக..." விஜயலட்சுமி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். "எங்க வயல்ல நடவுன்னா முதல் நாத்து முடி நான்தான் நடுவேன். பன்னெண்டு வயசுலேருந்து. நான் நட்டுட்டுக் கரையேறினப்புறம்தான் மத்த பொம்பளைங்க இறங்குவாங்க. கைராசின்னு பேராயிடுச்சு. பக்கத்து ஊர்க்காரங்க விதைநெல்லை எடுத்துட்டு வந்து, என் கையால ஒரு பிடி அள்ளிப் போடச் சொல்லிட்டுப் போவாங்க. 'உன் பேர்ல ஆரம்பிச்சாத்தான் விளங்கும்க்கா'ன்னான் தம்பி."

"கையெழுத்து எப்பப் போட்டீங்க?"

"அப்பா காரியத்தன்னைக்கு."

அப்பா பஞ்சநதம் இறந்தது மூன்றரை வருடங்களுக்கு முன்னால். பதினாறாம் நாள் காரியத்தன்று வாசலில் பந்தி நடக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தம்பி ஒரு கட்டுத் தாள்களோடு கொல்லைப்பக்கம் வந்தான். வாரிசுச் சான்றுக்கு இது, பேங்குக்கு இது என்றானாம்.

"காட்டின இடத்துல போட்டேன்," என்றாள்.

காதர் மைதீன் தலையை ஆட்டினார். இருபத்தாறு வருடத் தொழிலில் இந்தக் கதையை இருநூறு தடவையாவது கேட்டிருப்பார். இந்தப் பக்கத்தில் பாதிச் சொத்து கைமாறுவது கருமாதி வீட்டில்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கண் வீங்கி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நீட்டுவார்கள். வாங்கிப் படித்துப் பார்த்தால் போச்சு. 'கூடப் பொறந்தவன்மேல நம்பிக்கை இல்லையா?' என்று பந்தியிலிருந்து நாலு பேர் எச்சில் கையோடு எழுந்து வருவார்கள். அந்தப் பயத்தில் எம்.எஸ்சி. படித்தவளும் கைநாட்டுக்காரி மாதிரிதான்.

"போன் போடுங்க அவனுக்கு. ஸ்பீக்கர்ல."

மூன்றாவது முறை அடித்தபோது ராஜ்குமார் எடுத்தான்.

"அக்கா, எங்கக்கா இருக்க?"

"ஆடிட்டர் சார் ஆபீஸ்ல. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

அவன் குரல் தணிந்தது. "எதுக்குக்கா ஸ்பீக்கரு?"

"தம்பி, எனக்கு ஸ்டேட்மென்ட் வேணும்," என்றார் காதர் மைதீன். "முழுசா. ஆரம்பத்துலேருந்து."

"சார், அவசரப்படாதீங்க சார். அடுத்த வாரம் அந்தக் கணக்கையே மூடிடறேன். மூடிட்டா அக்கா பேரு போயிடும்."

"ரேஷன் கார்டுல பேரை எடுத்துட்டா, அந்த ஆள் பொறக்கவே இல்லன்னு ஆயிடுமா தம்பி? அங்க இருக்கற பேங்கு வருஷா வருஷம் இந்தியாக்காரங்க பட்டியலை இங்க அனுப்புது. உங்கக்கா பேரு அதுல ஏறி இறங்கியாச்சு. இன்னைக்குள்ள காட்டலேன்னா பத்து லட்சம் அபராதம். வேணும்னே மறைச்சாங்கன்னு முடிவு பண்ணா ஜெயிலு. ஆறு மாசத்துலேருந்து ஏழு வருஷம்."

"காட்டினா என் வேலை போயிடும் சார்! கம்பெனிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வெளியில அனுப்பிடுவான். பிரதீபாவையும் புள்ளைங்களையும் கூட்டிட்டு ஊருக்கு வந்து நான் என்னத்தப் பண்ணுவேன்? இறங்கி உழறதுக்கு எனக்கு நிலங்கூட கிடையாது!"

குடையின் நுனியால் தரையில் கோடு இழுத்துக்கொண்டிருந்த விஜயலட்சுமியின் கை நின்றது.

"பேப்பரை அனுப்புடா," என்றாள்.

"அக்கா... அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்கும் எனக்குந்தான் தெரியும். பாத்துப் பேசு."

தொடர்பு அறுந்தது.

காதர் மைதீனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன டீச்சர் இது, மிரட்டறானா உங்களை?"

"இல்ல சார். ஞாபகப்படுத்தறான்."

"நிலம் இல்லேங்கறானே. உங்கப்பாவுக்கு இருந்துச்சே?"

"ஒன்பது மா, மூணு ஏக்கரு. இப்ப என் பேர்ல இருக்கு. அவன் பங்கை எனக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் குடுத்துட்டான்."

"எழுதிக் குடுத்தானா?" அவருக்கு நம்ப முடியவில்லை. "பொம்பளப் புள்ளைகிட்ட பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கறவனைத்தான் நான் இதுவரைக்கும் பாத்திருக்கேன். தன் பங்கையும் குடுத்தவனை இப்பத்தான் பாக்கறேன். ஒரு பக்கம் வள்ளலு, ஒரு பக்கம் திருடன். என்ன பொறவியோ."

"ஊர்லயும் வள்ளல்னுதான் சொல்றாங்க."

அவளுடைய போன் உறுமியது. ஸ்டேட்மென்ட் வந்துவிட்டது. பூட்டுப் போட்ட கோப்பு. முதல் கணக்குதாரரின் பிறந்த தேதியை அடித்தால்தான் திறக்கும்.

"தம்பி பொறந்த தேதி சொல்லுங்க."

சொன்னாள். அடித்தார். திறக்கவில்லை. மறுபடி அடித்தார். திறக்கவில்லை. ஒரு சந்தேகத்தில், அவளுடைய பழைய ரிட்டர்னை எடுத்து, அதிலிருந்த தேதியைப் பார்த்து எட்டு எண்களை அடித்தார்.

திறந்துகொண்டது.

"டீச்சர். அவனும் கூட்டாளியா இருப்பான்னு நெனச்சேன், இது கூட்டுக் கணக்கே இல்ல. அவன் பேரு ஒரு மூலையிலகூட கிடையாது. முழுக்க முழுக்க உங்க கணக்கு."

விஜயலட்சுமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நனைந்த சேலையில் லேசாக நடுங்கினாள். பாவம், அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டு, அவர் எழுந்து மின்விசிறியை அணைத்தார்.

அவருடைய போன் அடித்தது. மனைவி பர்வின்.

"எங்கங்க இருக்கீங்க? எல்லாரும் வேன்ல ஏறியாச்சு!"

"நீங்க போங்க. நான் பின்னாடியே பஸ்ல வந்துடறேன்."

"நிக்காஹுக்கா, பிரியாணிக்கா?"

"ரெண்டுல எது கிடைக்குதோ அதுக்கு!"

வைத்துவிட்டு, திரையில் கணக்கை உருட்டினார். டாலரில் இருந்ததை ரூபாய்க்கு மாற்றி ஒரு தாளில் கிறுக்கினார். முதல் வருடம் அறுபத்தொரு லட்சம் லாபம். எங்கேயோ சண்டை, எங்கேயோ குளிர், எரிவாயு விலை வானத்துக்குப் போன வருடம் அது. மறு வருடம் நாற்பத்துநாலு லட்சம் நஷ்டம். அதற்கப்புறம் நொண்டி நடை. இந்தத் தாக்கலுக்கு உரிய வருடத்தில் நாலு லட்சம் லாபம்.

"வந்ததும் போயி, போனதும் வந்து, அப்படி ஒண்ணும் பெரிசா மிஞ்சலயே சார்," என்றாள் எட்டிப் பார்த்து.

"அது நம்ம கணக்கு. சட்டத்தோட கணக்கு வேற. அந்தச் சந்தை நம்ம அரசாங்கம் அங்கீகாரம் குடுத்த சந்தை இல்ல. அதனால இதுக்கு யூக வியாபாரம்னு பேரு. லாபம் வந்த வருஷத்துக்கு வரி கேப்பாங்க. நஷ்டம் வந்த வருஷத்துக்கு 'அடடா'ம்பாங்க. சம்பளத்துல கழிச்சுக்க விடமாட்டாங்க."

"கட்டிடறேன். கட்டிட்டா முடிஞ்சுதா?"

"எங்க முடியுது? இந்தியாவுல குடியிருக்கறவங்க வெளிநாட்டுச் சந்தையில இப்படி முன்பணம் கட்டி ஆடறதுக்கே அனுமதி கிடையாது. அது அந்நியச் செலாவணிச் சட்டம். அதுக்குத் தனி ஆபீஸு, தனி அபராதம்."

"அப்ப, வரி ஆபீஸ்ல உண்மையைச் சொன்னா அந்த ஆபீஸ்ல மாட்டுவேன்."

"ஆமா. சொல்லாம விட்டா ரெண்டு ஆபீஸ்லயும் மாட்டுவீங்க. அதோட நீங்க அரசு ஊழியர். யூக வியாபாரத்துல இறங்கக் கூடாதுன்னு நடத்தை விதியிலயே இருக்கு."

"சஸ்பென்ஷனா?"

"அங்கேருந்துதான் ஆரம்பிப்பாங்க."

வெளியே கீழவாசல் தெருவில் மழை வலுத்தது. பக்கத்துப் பாத்திரக் கடையின் தகரக் கூரையில் விழும் சத்தத்தில், அடுத்து அவள் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. குனிந்து கேட்டார்.

"போட்டுடுங்க சார். தாக்கல் பண்ணிடுங்க."

"தம்பி வேலை?"

"எனக்கு என் வேலை வேணும்."

வழக்கமான ஒன்றாம் எண் படிவம் உதவாது. வியாபார வருமானத்துக்கு உரிய மூன்றாம் எண் படிவம். வெளிநாட்டுச் சொத்துக்கான கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினார். கணக்கு தொடங்கிய நாள். வருடத்தில் உச்சமாக இருந்த தொகை. வருடக் கடைசியில் இருந்த தொகை. இடையில் இரண்டு தடவை இணையம் தொங்கியது. கடைசி நாள் என்றால் அந்த இணையதளத்துக்கும் மூச்சு வாங்கும். மூன்றே காலுக்கு அவள் போனில் ஆறு இலக்க எண் வந்தது. வாசித்தாள். அடித்தார். பச்சை எழுத்தில் ஒப்புகை வந்தது.

"இந்த வருஷத்துக்குத் தப்பிச்சீங்க. இனிமே பழைய ரெண்டு வருஷத்துக்கு நோட்டீஸ் வரும். செலாவணி ஆபீஸ்லேருந்து வரும். உங்க கல்வித் துறையிலேருந்தும் வரும். எல்லாருக்கும் சேத்து நமக்கு ஒரே பதில்தான்." நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. "தெரிஞ்சு பண்ணீங்களா, தெரியாம பண்ணீங்களா. மொத்தக் கேஸும் அதுலதான் நிக்குது. தெரியாமன்னா உங்க வேலைக்கு நான் உத்தரவாதம். துக்க வீட்டுல, கூடப் பொறந்தவனை நம்பி, படிக்காம போட்ட கையெழுத்து. எந்த அதிகாரிக்கும் இது புரியும் டீச்சர். அவனுங்க வீட்டுலயும் கருமாதி நடந்திருக்கும்ல?"

"தம்பி?"

"அவன் ஏமாத்தினான்னு ஆகும். ஆகட்டுமே. உண்மைதானே?"

பத்து நிமிடத்தில் வாக்குமூலத்தை அடித்து முடித்தார். பிரிண்டர் கறுமுறு என்று ஒரு தாளைத் துப்பியது. பேனாவோடு சேர்த்து அவள் முன்னால் வைத்தார்.

'எனது தந்தை பஞ்சநதம் அவர்களின் பதினாறாம் நாள் காரியம் நடந்த 12.04.2022 அன்று, என் தம்பி ராஜ்குமார் கொடுத்த தாள்களை வாரிசுச் சான்றிதழுக்கானவை என்று நம்பி, படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். அவை வெளிநாட்டில் கணக்குத் தொடங்குவதற்கானவை என்பதை நான் அறியேன்...'

"கீழ ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். நாளைக்கு நோட்டரிகிட்ட போயிடலாம்."

விஜயலட்சுமி பேனாவை எடுத்தாள். தாளின் மேல் விளிம்பிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. இரண்டாவது வரியில் நின்றது.

"பன்னெண்டு இல்ல சார். பதினொண்ணு."

தேதியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே சரியான தேதியை எழுதினாள். ஓரத்தில் சின்னதாக ஒரு சுருக்கக் கையெழுத்தைப் போட்டாள். இருபது வருடம் விடைத்தாள் திருத்திய கை. தானாகவே ஓடியது.

காதர் மைதீன் சிரித்துவிட்டார். "பாருங்க, 'படிக்காம கையெழுத்துப் போட்டேன்'ங்கற பேப்பரையே படிச்சுத் திருத்தறீங்க. நல்லவேளை, இதை அதிகாரி பாக்கல."

அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"அந்த பிடிஎஃப்ல கடைசி நாலு பக்கம் பாத்தீங்களா சார்?"

"கணக்கு தொடங்கின ஃபாரம்தானே? தேதியை மட்டும் எடுத்துக்கிட்டேன். எதுக்கு?"

"மூணாம் பக்கம் பாருங்க."

உருட்டினார். பெயர், முகவரி, பாஸ்போர்ட் எண். அதற்குக் கீழே தொழில் என்ற கட்டம். அதில் 'இல்லத்தரசி' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. அந்தச் சொல்லின் மேல் நேராக ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, நீல மையில், குண்டு குண்டான கையெழுத்தில், 'அரசுப் பள்ளி ஆசிரியை'. ஓரத்தில் சின்னதாக ஒரு சுருக்கக் கையெழுத்து.

திரையைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான்.

"எம்.எஸ்சி. படிச்சவளை வீட்டுல சும்மா இருக்கறவள்னு போட்டிருந்தான். பொறுக்கல சார். அடிச்சுட்டு எழுதினேன்."

போன் மறுபடி அடித்தது. பர்வின்தான். அவர் எடுக்கவில்லை.

"அப்ப... படிச்சிருக்கீங்க."

"நாலு பக்கமும். பந்தி முடியறதுக்குள்ள ரெண்டு தடவை. ஒரு வார்த்தை புரியலேன்னு அவனைக் கூப்பிட்டுக் கேட்டுக்கூட தெரிஞ்சுக்கிட்டேன்."

"பின்ன ஏன் டீச்சர் போட்டீங்க?"

விஜயலட்சுமி குடையை எடுத்துக்கொண்டாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். எழுந்திருக்கவில்லை.

"முப்பத்திரண்டு வருஷம் முதல் முடி நட்டிருக்கேன். அறுப்புக்கு அறுப்பு ஒரு மூட்டை அரிசி, பொங்கலுக்கு ஒரு சேலை. என் கைதான் ராசி, மண்ணு என்னமோ அவனுக்கு. அன்னைக்குக் கொல்லைப்பக்கம் அவன் தனியா வரல சார். பத்திர எழுத்தரையும் கூட்டிட்டு வந்திருந்தான். நான் விடுதலை எழுதிக் குடுக்கணும், ஒன்பது மாவும் அவன் பேருக்குப் போகணும். கையோட சிங்கப்பூர் பேப்பரு. அவனுக்கு என் கையெழுத்து ரெண்டு இடத்துல வேணும்."

வாக்குமூலத்தை அவர் பக்கமாக ஒரு விரலால் தள்ளினாள்.

"சிங்கப்பூர் பேப்பர் ஒண்ணுலதான் போடுவேன்னு சொன்னேன். அதுவும் உன் பங்கு என் பேருக்கு வந்தப்புறம்தான் உன் கைக்கு வரும்னேன். மூணு வாரம் அந்த ஃபாரம் என் பீரோவுலதான் இருந்துச்சு. நன்னிலம் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல அவன் எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்து, படியில வெச்சு வாங்கிட்டுப் போனான்."

தாளின் கீழே கையெழுத்துக்காக விட்டிருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"அவன் ஒண்ணும் தானமாக் குடுக்கல சார். விலை சொன்னது நான்தான்."